காம்பு தாண்டாத சொல்

அந்தக் காலத்தில், மரமும் மட்டையும் வாய் திறந்து பேசிய நாளில், மாங்காய்தான் உண்டு. மாம்பழம் என்ற பேச்சே கிடையாது. காய் என்றால் சும்மா காயா? கருங்கல்! கடிக்கப் போன வௌவாலுக்குப் பல் உடைந்ததுதான் மிச்சம்.

ஆற்றோரம் கோமளம் என்றொரு மாமரம் இருந்தாள். அவள் காய்கள் கீழே விழும். உள்ளே இருக்கும் விதைப் பிள்ளைகள் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே செத்துப்போகும். பெற்ற வயிறு எப்படித் தாங்கும்? இந்த முறை ஒரே ஒரு காய்தான் பிடித்திருந்தது.

"அம்மா, மூச்சு முட்டுதும்மா" என்று அதற்குள்ளிருந்து குரல் வந்ததும், கோமளம் பதறிப்போய் நொதியனைக் கூப்பிட்டாள். நொதியன் கண்ணுக்கே தெரியாத குள்ளன். காய்க்குச் சுவர் கட்டும் கொத்தன். சர்க்கரையைச் சரம் சரமாகக் கோத்து, பசை வைத்து இறுக்கிக் கட்டுவான்.

"சுவரை இளக்கிவிடுங்க, கொத்தனாரே."

"புழு நுழையாம கெட்டியாக் கட்டச் சொன்னதே நீங்கதானே, தாயி?"

"சொன்னேன். இப்ப என் பிள்ளை சாகுதே!"

நொதியன் தலையைச் சொறிந்தான். "கை வெச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. போதும்னு நீங்கதான் சொல்லணும். காம்பு வழியா வர்ற சொல்தான் என் காதுல விழும்."

"சொல்றேன், ஆரம்பிங்க."

அவன் சரங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். காய் மஞ்சளித்தது, மணம் ஊரையே தூக்கியது. கோமளத்துக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காம்பின் சுவரும் அதே சர்க்கரைதான் என்பதை மறந்துவிட்டாள், பாவி மகள். காம்பும் இளகிப் பழம் தொப்பென்று விழுந்தது.

"போதும்! போதும்!" என்று கத்தினாள். யார் காதில் விழும்? நொதியன் பாட்டுக்கு அவிழ்த்துக்கொண்டே இருந்தான். பழம் கொழகொழத்தது, கறுத்தது, நாறியது. என் பிள்ளையை நானே கொன்றேனே என்று கோமளம் வாய்விட்டு அழுதாள். மழை வந்து போனது. அப்போதும் அவள் குனிந்து பார்க்கவில்லை.

"அம்மா, நான் கால் ஊன்றிட்டேம்மா."

அழுகலின் நடுவே செந்தளிர் ஒன்று நின்றது. பதறிப்போய்ப் பார்த்தாள். தன் சொல் நொதியனுக்கு எட்டியிருந்தால் சுவர் பாதி அவிழாமலே நின்றிருக்கும், பிள்ளையும் உள்ளேயே கிடந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு மற்ற மரங்களைக் கூப்பிட்டு, "அவனைத் தடுக்காதீங்க" என்றாள்.

அன்று முதல்தான் பழுத்த பழம் காம்பை விட்டு விழுகிறது. விழுந்த பழம் அழுகித் தீர்கிறது. எந்தத் தாய்மரமும் போதும் என்று சொல்வதில்லை.