தடியப்பன் கேட்ட கால் தடம்

காட்டில் மழை இல்லை. குளம் வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. யானை ராஜா மனம் இரங்கி, அரண்மனைக் குகையில் இருந்த கிழங்கையெல்லாம் பசித்தவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுக்கும் பொறுப்பு யாருக்கு? தடியப்பன் என்ற காட்டுப்பன்றிக்கு! வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பூவாத்தா என்ற முயல்தான் முதலில் ஓடி வந்தது.

“ஐயா, என் குட்டி பசியில் கண் சொருகிக் கிடக்குது. ஒரே ஒரு கிழங்கு கொடுங்க!”

“தாராளமா! முதல்ல ஈரச் சேற்றில் உன் கால் தடத்தை வை. விரல் விரலாத் தெரியணும். இல்லாட்டி ஒரே ஆள் ரெண்டு தடவை வாங்கிட்டுப் போயிடுவான்!” என்றது தடியப்பன், வாய் நிறையக் கிழங்கை மென்றுகொண்டே.

பூவாத்தா குளத்துக்கு ஓடியது. குதித்தது, மிதித்தது. தூசிதான் பறந்தது.

“ஐயா, சேறே இல்லையே!”

“அப்போ மழை பெய்ததும் வா!”

“மழை பெய்தா புல் முளைச்சிடும். அப்புறம் உங்க கிழங்கு எதுக்கு?”

“என்கிட்டயே சட்டம் பேசுறியா? நகரு, நகரு!”

அடுத்து வந்த மானுக்கும் அதே பதில்தான்.

சாயங்காலம் ராஜா வந்தார்.

“மகாராஜா, ஒரு கிழங்குகூடத் தப்பான ஆளுக்குப் போகலை!” என்று தடியப்பன் நெஞ்சை நிமிர்த்தியது.

சரியான ஆளுக்குப் போனதா என்று கேட்க ராஜாவுக்குத் தோன்றவே இல்லை. “பலே!” என்றார்.

ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த பூவாத்தாவுக்கு வயிறு எரிந்தது. பயத்தை உதறிவிட்டு முன்னால் வந்தது.

“மகாராஜா, ஈரச் சேற்றில் தடம் வைக்காட்டி கிழங்கு இல்லையாம், என் குட்டி பட்டினி கிடக்குது. சட்டம் ரொம்ப நல்ல சட்டம்! ஆனா காலையிலிருந்து இவரும்தானே தின்கிறார்? இவர் தடம் எங்கே?”

“அதானே! தடியப்பா, இனி நீயும் தடம் வைத்துவிட்டே சாப்பிடு!” என்று சொல்லி, ராஜா குகை வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டார்.

தடியப்பன் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தது. குளம்புதான் வலித்தது. கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடா என்றது. அழுகையே வந்துவிட்டது.

“மகாராஜா! பசிக்கிறவனுக்குத் தடம் எதுக்கு, கிடம் எதுக்கு? வயிற்றைப் பார்த்தா தெரியாதா?”

“அப்படியானால் அந்தக் குட்டியின் வயிற்றை முதலில் பார்!” என்று ராஜா பிளிறினார்.

தடியப்பனே கிழங்கைச் சுமந்துகொண்டு முயல் வளைக்கு ஓடியது. பூவாத்தா மென்று ஊட்டியதும் குட்டி மெல்லக் கண் திறந்தது. தடியப்பன் திரும்பி வந்து வரிசையில் கடைசி ஆளாக நின்றது.

பசித்தவர்களுக்குச் சட்டம் போடுகிறவர், அதை முதலில் தம் வயிற்றில் சோதித்துப் பார்க்க வேண்டும்.