நகராத யானை

ஏற்காட்டில் ஜியோகேச்சிங் ஆடும் குழு ஒன்று உண்டு. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து ஜிபிஎஸ் புள்ளியைக் கொடுப்பார், மற்றவர்கள் தேடிப்போய் உள்ளிருக்கும் தாளில் கையெழுத்திடுவார்கள். தலைமைத் தொண்டர் தணிகாசலம் நேரில் பார்த்துச் சம்மதித்தால்தான் டப்பா ஆட்டத்தில் சேரும்.

கைக்குழந்தைக்காரி ரெஜினா வைத்ததையெல்லாம் அவர் தள்ளிவிட்டார். "அடுத்ததும் தேறலைன்னா குழுவை விட்டுப் போயிடும்மா."

வெள்ளிக்கிழமை அவள் 'நகராத யானை' என்று பெயரிட்டு ஒரு புள்ளியை அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் வீட்டு முற்றத்தில் கூட்டம். "நேத்து ஜீப்பில் மலைமேல இருக்கிற யானைப் பாறைக்கே போனேன். டப்பாவே இல்லை."

"ஜீப்பிலேயா போனீங்க சார்?"

"பின்னே, பல்லக்கிலா?"

ரெஜினா போனை நீட்டினாள். கூட்டம் புள்ளியைப் பின்தொடர்ந்து, சுவரோரம் நின்ற தணிகாசலத்தின் ஜீப்பில் போய் முட்டியது. வண்டிக்கடியில், கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் நொறுங்கியிருக்கும்படி பின்சக்கரத்தை ஒட்டி, நசுங்காத டப்பா.

"அனுமதியில்லாம என் வீட்டில் வைப்பியா? விதிமீறல்."

"அனுமதி நான்தான் கொடுத்தேன்" என்றார் வாசலில் நின்ற அவர் மனைவி. "அந்த வண்டி எங்கே ஓடுது? பேட்டரியைத்தான் எப்பவோ கழற்றி இன்வெர்ட்டருக்குப் போட்டாச்சே."

அன்றே டப்பா ஆட்டத்தில் சேர்ந்தது. முதல் கையெழுத்தைத் தணிகாசலமே, ஜீப்புக்கடியில் தவழ்ந்துபோய்ப் போட்டார்.