கண்ணாடி கேட்ட பசை

ஒரு வீட்டில் ஒரு வாஷ்பேசின் இருந்தது. அதற்கு மேலே ஆணியில் ஒரு கண்ணாடி. இந்தக் கண்ணாடிக்குக் காதல் வந்துவிட்டது. அதுவும் யார் மேல்? மிளகு அளவு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டின் மேல்!

வீட்டுக்காரி மரகதவல்லி சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவாள். காலையில் உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கண்ணாடிக்கு வயிறு எரியும். பகல் முழுக்க என் பொட்டு அந்த நெற்றியோடுதானே இருக்கிறாள்!

“பஸ்ஸுல உன்னை யார் யார் பார்த்தாங்க?” என்று கண்ணாடி கேட்பான், பொட்டு வந்ததும் வராததுமாக.

“ஐயே, சும்மா இரு. நெத்தியெல்லாம் ஒரே வேர்வை. எப்படா இங்க வருவோம்னு இருந்துச்சு.”

“வேர்வையா? அவ்வளவு நெருக்கமா?”

பொட்டு தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

உண்மையில் கண்ணாடிக்குப் பயம். தன்னிடம் என்ன இருக்கிறது? எதிரே யார் நின்றாலும் அவர்கள் முகம்தான். தனக்கென்று ஒரு முகம் கிடையாது. இப்படிப்பட்டவனை எவள் விரும்புவாள்?

“நிஜமாவே என்னைப் பிடிச்சிருந்தா, இன்னும் இறுக்கி ஒட்டு,” என்றான்.

ஒட்டினாள்.

“இன்னும்.”

பாவம், இன்னும் ஒட்டினாள். தினமும் இதே பாட்டு. அவள் பசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

ஒருநாள் காலை மரகதவல்லி பொட்டை நெற்றியில் வைத்தாள், விழுந்தது. அழுத்தி வைத்தாள், மறுபடியும் விழுந்தது. “சனியன், பசையே இல்லை,” என்று அலுத்துக்கொண்டு, கண்ணாடியில் பிசுபிசுத்த பழைய இடத்திலேயே அதைப் பதித்துவிட்டு, அட்டையிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. பகலிலும் அவள் தன்னோடு! நெற்றியின் முகத்தில் கரியைப் பூசியாயிற்று!

“இனி நான் எங்கேயும் போகமாட்டேன். சந்தோஷம்தானே?” என்றாள் பொட்டு.

மத்தியானம் வரை சந்தோஷம்தான். அப்புறம் பழையபடி மனசு குடைய ஆரம்பித்தது.

“ஏய், நெத்தி வேண்டாம்னு தள்ளினதாலதானே இங்க இருக்கே? ஒட்டியிருந்தா போயிருப்பேதானே? வேற போக்கிடம் இல்லாமத்தானே என்கூட இருக்கே?”

மிச்சமிருந்த துளிப் பிடியையும் பொட்டு தானே விட்டாள்.

“போக்கிடமா? கீழே தரை இருக்கே,” என்று சொல்லிக்கொண்டே விழுந்தாள்.