பச்சைத் துணிக்குக் கீழே

கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே பல் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே பல் பிடுங்கும் குறடுகள் இரண்டு இருந்தன. ஒன்று, உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டு, எந்த வாய்க்குள்ளும் போகாமல் கண்ணாடி அலமாரியில் இருந்தது. மற்றது நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில், ஒரு பச்சைத் துணிக்குக் கீழே கிடந்தது. அங்கே பிடுங்கப்பட்ட பற்களையெல்லாம் பிடுங்கியது அதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை சுகாதாரத் துறையிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அன்று காலையில் அலமாரிக் குறடு குக்கருக்குள் போகும். கருவிகளை ஆவியில் அவித்துக் கிருமி போக்கும் இயந்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர். மற்ற நாட்களில் குக்கர் சும்மா இருந்தது.

"என்மேல என்ன குறை?" என்று குக்கர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. "எனக்கு நாற்பது நிமிஷம் வேணும். இங்கே யாருக்கும் நாலு நிமிஷம்கூட இல்லை."

அந்த வருஷம் ஆய்வு நாளன்று, ஆய்வாளருக்கு முன்பே மரகதவல்லி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வெளியே பெஞ்சில், முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துணிக்குக் கீழே பழைய குறட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் கிடந்த, வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியிடம், நேற்றுக் கடைசியாக வந்த லாரி டிரைவரை நினைவிருக்கிறதா என்று கேட்டது. கண்ணாடிக்கு நினைவிருந்தது. அவன் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. போன மாதம் காமாலை என்றார்கள், இப்போது பரவாயில்லை என்று அவனே சொல்லியிருந்தான்.

"உன்னைத்தான் குழாயில கழுவினாங்களே அண்ணே. ஸ்பிரிட்டுல துடைச்சாங்களே."

"மேலேதான் துடைச்சாங்க. மூட்டுக்குள்ளே அவன் ரத்தம் அப்படியே இருக்கு. அடுத்து இந்தம்மா வாய்க்குள்ளே என்னைத்தான் விடுவாங்க."

அலமாரிக் குறடு மேலிருந்து சிரித்தது. குளித்து முடித்த தெம்பில் இருந்தது அது. "இதையெல்லாம் இன்னைக்கா பேசறது? ஆள் வர்ற நேரம்."

"நீ பேசாம இரு மாப்பிள்ளை," என்றது கண்ணாடி. "ஜரிகை கலையாம உட்காரு. உன்னைத்தான் பார்க்க வர்றாங்க."

ஆய்வாளர் வசுமதி பதினோரு மணிக்கு வந்தார். அவசரக்காரர் இல்லை. குப்பைத் தொட்டிகளின் நிறத்தைப் பார்த்தார். ஊசிகளை எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டார். குக்கரைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. அலமாரியைத் திறந்து உறையை எடுத்து, எப்போது அவித்தது என்று விசாரித்தார். இன்று காலையில்தான் என்றாள் உதவியாளர் ஜெபராணி. அது உண்மை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையான பதில்தான் கிடைத்தது.

பிறகு ஆய்வாளர் நாற்காலிப் பக்கம் வந்தார். துணிக்குக் கீழே எல்லாம் மூச்சடங்கிக் கிடந்தன. அவர் கை துணிமேல் பட்டது. தூக்குவார் என்று பழைய குறடு காத்திருந்தது. அவர் கொண்டுவந்த படிவத்தைத் துணிமேல் விரித்தார். வேறு மேசை பக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா அழுத்தியது குறட்டின் முதுகில் உறைத்தது.

அவர் படியிறங்கிய பிறகு டாக்டர் கதிரேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மரகதவல்லியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊசி போட்டார். நல்ல கை அவருக்கு. குத்தியதே தெரியவில்லை என்றாள். கன்னம் மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தப் பத்து நிமிஷமும் பழைய குறடு தட்டில் நெளிந்துகொண்டே இருந்தது. கீழே விழுந்துவிடலாமா என்று கேட்டது. விழுந்தால் எடுத்துத் துடைப்பார்கள் என்றது கண்ணாடி. கத்தலாமா என்றது. இவர்களுக்குக் கேட்காது என்றது கண்ணாடி.

"அப்போ நான் திறக்க மாட்டேன்."

"என்னது?"

"மூட்டுல துரு இருக்கு. தினமும் வலியோடதான் திறந்து கொடுத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத் திறக்க மாட்டேன்."

"தூக்கிப் போட்டுருவாங்க அண்ணே."

"போடட்டும்."

டாக்டர் வந்து குறட்டை எடுத்தார். அது திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மேசை விளிம்பில் தட்டினார். ஜெபராணி எண்ணெய் கொண்டுவந்தாள். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். குறடு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. மரகதவல்லி மரத்த வாயைத் திறந்தபடி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனியன்," என்று டாக்டர் அதைப் பழைய இரும்பு வாளியில் எறிந்தார். "அலமாரியில இருக்கிறதை எடும்மா."

"சார், அது ஆய்வுக்கு வெச்சது."

"ஆய்வுதான் முடிஞ்சுதே. அடுத்த வருஷத்துக்கு வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

உறை கிழிந்தது. அலமாரிக் குறடு முதல்முறையாக ஒரு வாய்க்குள் போனது. அங்கே சூடாக இருந்தது. பல் அசைந்து கொடுத்து வெளியே வந்தது. மரகதவல்லி பஞ்சைக் கடித்துக்கொண்டு, டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். வாளியின் பக்கம் அவள் பார்க்கவில்லை.

ஜெபராணி புதுக் குறட்டைக் குழாயில் காட்டினாள். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பச்சைத் துணியை மூடினாள். குக்கர் ஆறிக்கொண்டிருந்தது.

புதுக் குறடு தன் மூட்டுக்குள் ஏதோ ஈரம் காய்வதை உணர்ந்துகொண்டிருந்தது. வெளியே ஜெபராணி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். பெஞ்சிலிருந்து யாரோ எழுந்தார்கள்.

"துருப்பிடிக்க எனக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று அது கண்ணாடியைக் கேட்டது.