ஐயா ஜெபத்துல இருக்கையில கார் போன கதை

வா பிளஸ்ஸி, அத்தை பக்கத்துல வந்து படு. போர்வையை இழுத்துக்கோ. ம் கொட்டணும், இல்லன்னா கதை அங்கேயே நின்னுரும். சரியா?

ஒரு ஊர்ல ஒரு ஐயா இருந்தாரு, பேரு ஞானாபரணம். பெரிய வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கினவரு. கோயில்ல முன்வரிசை பெஞ்சு அவருக்குத்தான். அவரு ஜெபம் பண்ண ஆரம்பிச்சா, கைக்குழந்தை தூங்கி எந்திரிச்சு மறுபடியும் தூங்கிரும். அவ்வளவு நீளம். ஊரே சொல்லும், ஐயாவுக்கு விசுவாசம் மலை மாதிரின்னு.

ஆனா பாரு, அந்த விசுவாசம் எல்லாம் அடுத்தவங்க கஷ்டத்துக்குத்தான். அடுத்த வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல்னா, "கர்த்தர் பாத்துக்குவாரு"ம்பாரு. தனக்கு லேசா ரெண்டு தும்மல் வந்தா, ஹச் ஹச்னு, உடனே காரை எடுத்துக்கிட்டு டவுன் டாக்டர்ட்ட ஓடிருவாரு. ஆமா, கார் வச்சிருந்தாரு. வெள்ளைக் கார். அந்த ஊருக்கே அது ஒண்ணுதான்.

ம் சொல்லு. ஆங்.

அப்போ ஐப்பசி மாசம். கொடகொடன்னு மழை. முதல்ல முத்துக்கனி வந்தா. புருசன் செத்துப்போய், பனங்கிழங்கு அவிச்சு வித்துப் பிழைக்கிறவ. காத்துல அவ ஓலைக்கூரை பிச்சுக்கிட்டுப் போயிட்டு. ஐயா வீட்டுல விறகை மூடி ஒரு தார்ப்பாய் கிடந்துச்சு, அதை ரெண்டு நாளைக்குக் கேட்டா.

ஐயா சொன்னாரு, "தார்ப்பாய் என்னம்மா தார்ப்பாய். கர்த்தரே உனக்குக் கூரை. வா, ஜெபிப்போம்."

அவரு உள்ள நின்னு ஜெபிச்சாரு. அவ வெளியில நின்னு நனைஞ்சா. சொட், சொட், சொட்னு சேலையில இருந்து தண்ணி வடியுது. ஆமென் சொன்னதும் அவ வெறுங்கையோட போனா. விறகு மட்டும் நனையாம பத்திரமா இருந்துச்சு.

ஐயா வீட்டம்மா பேரு சற்குணம். கதவோரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. வாயைத் திறந்தா, மூடிக்கிட்டா. முப்பது வருசமா ஐயா பேச்சுக்கு மறுபேச்சு பேசினதில்லை.

அப்புறம் மூணு நாள் கழிச்சு மாசிலாமணி தாத்தா வந்தாரு. கோயில் மணி அடிக்கிறவரு. ஆளில்லாத மனுசன். குளிர்காய்ச்சல்ல உடம்பு வெடவெடன்னு ஆடுது. "ஐயா, ரெண்டு நாளாச்சு சாப்பிட்டு. ஒரு வாய் கஞ்சி கிடைக்குமா?"

"கஞ்சி இருக்கட்டும் மாசிலாமணி. முதல்ல ஆத்துமாவுக்கு ஆகாரம் வேண்டாமா?" அப்படின்னுட்டு வேதப் புத்தகத்தை விரிச்சாரு ஐயா. ஒரு அதிகாரம் வாசிச்சாரு. அதுக்கு விளக்கம் சொன்னாரு. அப்புறம் கண்ணை மூடிட்டாரு.

சற்குணம் அம்மா கஞ்சியைச் சுட வச்சு, கும்பாவுல ஊத்தி, ஒரு துண்டு கருப்பட்டியும் வச்சுக் கொண்டுவந்தா. ஐயா கண்ணைத் திறக்காமலேயே கையைக் காட்டினாரு. இரு, ஜெபம் முடியட்டும்னு. அவ நின்னா. ஆவி பறந்த கஞ்சி ஆறிச்சு. மேல ஆடை கட்டிச்சு. ஜெபம் முடியலை. மாசிலாமணி தாத்தாவால உக்கார முடியலை. சுவரைப் பிடிச்சு எந்திரிச்சு, தள்ளாடித் தள்ளாடிப் போயிட்டாரு. ஐயா ஆமென் சொல்லும்போது எதுத்தாப்புல யாருமில்லை.

சற்குணம் அம்மா ஆறின கஞ்சியை மறுபடியும் சுட வச்சு, கும்பாவுல ஊத்தினா. அப்புறம் அதை எடுத்துக்கிட்டு அவரைத் தேடிப் போனா. அவரு கோயில் படிக்கட்டுல சுருண்டு கிடந்தாரு. தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊட்டிவிட்டா. வீட்டுக்கு வந்து ஐயாட்ட ஒண்ணும் சொல்லலை. ஆனா அன்னிக்கு அவளுக்குச் சோறு இறங்கலை.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் மறு வாரம், மத்தியானம். சளக் சளக்னு சகதியில ஒருத்தன் ஓடி வாரான். ஜெயசிங். மீன் வண்டி ஓட்டுற பையன். அவன் பொண்டாட்டி பியூலாவுக்குப் பிரசவ வலி. ஓடை நிரம்பி பஸ் நின்னுபோச்சு. வீட்டுல பிள்ளை பிறக்க வைக்கிற கிழவி கையை விரிச்சுட்டா, பிள்ளை குறுக்க கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, இல்லன்னா ரெண்டு உசுரும் தங்காதுன்னு.

"ஐயா, காரைக் குடுங்க. நானே ஓட்டிருவேன். சுத்துப்பாதையில போனா போயிரலாம்."

ஐயா காரைப் பாத்தாரு. அன்னிக்குக் காலையிலதான் கழுவித் துடைச்சிருந்தாரு. சகதியைப் பாத்தாரு.

"ஜெயசிங், காரை நம்பாதப்பா. கர்த்தரை நம்பு. முழங்கால்ல நில்லு."

பாவம், அவன் நின்னான். ஐயாவும் முழங்கால் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு ஆரம்பிச்சாரு. "ஆண்டவரே, இந்த ஏழைக்கு ஒரு வாசலைத் திறந்தருளும்..."

கதவோரமா நின்ன சற்குணம் அம்மா காதுல அது விழுந்துச்சு. காலண்டர் பக்கத்துல ஆணியில கார் சாவி தொங்குது. எடுத்தா. கிளிங். ஐயா ஜெபத்துல இருக்காரு. மெதுவாப் போய் கார் ஷெட் கதவைத் திறந்தா. வாசல் திறந்துட்டு.

"இவனுக்கு ஒரு துணையை அனுப்பும் ஆண்டவரே..."

அவ ஜெயசிங் தோளைத் தொட்டா. சாவியைக் கையில வச்சா. வா, நானும் வாரேன்னு சைகை காட்டினா.

அப்போ டுர்ர்ர்ர்னு கார் கிளம்புது. ஐயா காதுல விழுது. ஆனா ஜெபத்தை நடுவுல விட முடியுமா? ஆண்டவருக்கு மரியாதை இல்லையே. அதனால வேகமா ஜெபிச்சாரு. வாழ்க்கையிலயே முதல் தடவையா ரெண்டே நிமிசத்துல ஆமென் சொல்லிட்டு, தடால்னு எந்திரிச்சு வெளியில ஓடினாரு. ஷெட் காலி. சகதியில ரெண்டு சக்கரத் தடம்.

சாயங்காலம் கார் வந்துச்சு. வெள்ளைக் கார் செம்மண் நிறத்துல இருக்கு. பின்சீட்டுல ரத்தக்கறை. ஐயா வாசல்ல நிக்காரு.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"கேக்கலாம்னுதான் வந்தேன்," சற்குணம் அம்மா சொன்னா. "நீங்க கர்த்தர்ட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல எப்படிக் கூப்பிடுறது?" அப்புறம் சொன்னா, "பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகமா இருக்காங்க."



பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கு ஜெயசிங் கோயில்ல எந்திரிச்சு, கர்த்தர் செஞ்ச நன்மையைச் சாட்சியாச் சொன்னான். "ஐயா ஜெபம் பண்ணி முடிக்கல, அதுக்குள்ள கார் கிளம்பிட்டு," அப்படின்னான். சபையே ஐயாவைத் திரும்பிப் பாக்குது. போதகர், "ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாரு.

ஐயா எந்திரிச்சாரு. பொம்பளைங்க பக்கம் பாத்தாரு. சற்குணம் அம்மா இவரைப் பாக்கலை, மடியில கிடக்கிற பிள்ளையைப் பாத்துக்கிட்டு இருக்கா.

"நான் ஒண்ணும் செய்யலை," அப்படின்னாரு. "கார் தரமாட்டேன்னுதான் சொன்னேன். அவதான் சாவியைக் குடுத்தா."

உண்மையைச் சொல்லிட்டாரு பாத்தியா. என்ன ஆச்சு தெரியுமா? ஒருத்தரும் நம்பலை. "ஐயாவுக்கு எவ்வளவு தாழ்மை, பேரை வீட்டம்மாவுக்கு விட்டுக்குடுக்காரே"ன்னு சபையே உருகிப்போச்சு. போதகர் தாழ்மையைப் பத்தி அரை மணி நேரம் பிரசங்கம் வேற பண்ணாரு. ஐயா தலையை நிமிக்கவே இல்லை.

மறுநாள் விடியும்போது வாசல்ல பதினோரு பேர். ஐயா ஜெபம் பண்ணா கார் வருதாமேன்னு. கால் வீங்கின கிழவி ஒருத்தி, பரீட்சைக்குப் போற பிள்ளை ஒண்ணு, இப்படி. ஐயா பழக்கத்துல கண்ணை மூடப் போனாரு. திரும்பிப் பாத்தா சற்குணம் அம்மா பின்னால நிக்கா.

ஐயா மெதுவாச் செருப்பை மாட்டினாரு. "முதல்ல யாரை எங்க கொண்டுபோய் விடணும்?" அப்படின்னு கேட்டாரு.

மனசு மாறினாரா, மாட்டிக்கிட்டாரா, அது கர்த்தருக்குத்தான் தெரியும். அந்தக் கால் வீங்கின கிழவிக்கு ரெண்டும் ஒண்ணுதான். முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டா.

அவ்வளவுதான் பிளஸ்ஸி. கதை ஆமென் சொல்லிட்டு. நீயும் கண்ணை மூடு.