பதிவாளரின் நான்கு எம்பி

"இந்த லைனைக் கொளுத்திப் போட்டுடலாமா, ரெஜினா?"

மங்கையர்க்கரசி கணினி மையத்துக்குள் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. பின்னாலேயே டெலிபோன் லைன்மேன் மாசிலாமணி, தோளில் பையும் முகத்தில் வியர்வையுமாக வந்தார்.

ரெஜினா தலை நிமிரவில்லை. பிளாப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் அரசியின் வயதுதான். படிப்பில் இரண்டு பட்டம் குறைவு. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் மெயில் சர்வர் படுத்துக்கொண்டால் அவள்தான் எழுப்ப வேண்டும். அரசி அவளிடம்தான் தொழில் கற்றாள். கற்ற ஒவ்வொன்றுக்கும் சண்டையும் போட்டாள்.

"மூணு நாளா ஒரு கடிதம்கூட வெளியே போகலை. மணிக்கொரு தடவை சர்வர் டயல் பண்ணுது, லைன் கிடைக்குது, அப்புறம் அறுந்துடுது. இவரு என்னடான்னா லைன் நல்லாயிருக்காம்!"

"நல்லாயிருக்குன்னு சொல்லலை மேடம்," என்றார் மாசிலாமணி. "பழைய கேபிள். பத்து நிமிஷம் தாங்கும்னுதான் சொன்னேன்."

"வெட்கமாயில்ல சொல்றதுக்கு? சம்பளம் வாங்குறீங்கல்ல?"

அவர் லைன் பார்த்ததற்கான தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார். அரசி அதைத் தொடவே இல்லை.

"கெமிஸ்ட்ரி நூர்ஜகானுக்கு வெளிநாட்டுல ஆராய்ச்சி இடம் கிடைச்சிருக்கு. 'வர்றேன்'னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மெயில்ல சொல்லணும். சொல்லலைன்னா இடம் அடுத்தவங்களுக்கு. அவ கடிதம் இங்கே கிடக்கு. மணி நாலரை. நீ லேபிள் ஒட்டு!"

ரெஜினா எழுந்து போய், சுவரிலிருந்த டெலிபோன் வயரைப் பிடுங்கினாள்.

"ஏய்! பைத்தியமா உனக்கு?"

"இப்போ லைனே இல்லை. இனிமே அவரைத் திட்ட முடியாது. பத்து நிமிஷத்துல எத்தனை கடிதம் போகும்?"

"சின்னக் கடிதம்னா நூறு போகும்."

"எத்தனை போச்சு?"

"ஒண்ணும் போகலை. அதைத்தானே கரடியா கத்திக்கிட்டிருக்கேன்!"

"நூறு போற இடத்துல ஒண்ணுகூட ஏன் போகலை?"

அரசி எரிச்சலோடு சர்வர் முன்னால் உட்கார்ந்து, எது எப்போது போனது என்று காட்டும் லாக் பதிவைத் திறந்தாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு அறுந்தப்போ போய்க்கிட்டிருந்தது எது?"

"பதிவாளர் கடிதம். பட்டமளிப்பு விழா அழைப்பு, அவர் கலர் போட்டோவோட. சைஸ் நாலு எம்பி."

"மூணு மணிக்கு?"

"அதேதான்."

"நேத்து?"

அரசி திரையை மேலே உருட்டினாள்; முந்தாநாள் வரைக்கும் அதே கடிதம்தான். நாலு எம்பி போக அரை மணி நேரமாவது ஆகும். பத்து நிமிஷத்தில் அறுந்துபோகும். அடுத்த மணிக்கு மறுபடி முதலிலிருந்து. பின்னால் நாற்பத்தொரு கடிதங்கள் வரிசையில் நின்றன. இருபத்து மூன்றாவது நூர்ஜகானுடையது. இரண்டே வரி.

"என்ன அநியாயம் இது!" அரசி மேசையைக் குத்தினாள். "அந்த ஆளோட மூஞ்சிக்காக நாற்பத்தொரு பேர் நிக்கணுமா? எந்த முட்டாள் இதை வரிசையில முதல்ல வச்சது?"

ரெஜினா மறுபடி லேபிளை எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் பதிவாளரின் உதவியாளர் வந்து, "எங்க சார் கடிதம்தான் எப்பவும் முதல்ல போகணும்" என்று சொன்னதும், "சரிங்க சார்" என்று சர்வரில் அந்த விதியை எழுதியது அரசி. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறவள்.

காது மடல் சுட்டது. அந்த விதியை அழித்து, பதிவாளர் கடிதத்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளினாள். வயரைச் சுவரில் செருகினாள். மணி நாலு நாற்பது. டயல் செய்யக் கை வைத்தபோது இன்டர்காம் அடித்தது.

"சார் கடிதம் போச்சாம்மா?" பதிவாளரின் உதவியாளர்.

"இன்னும் இல்லீங்க சார்..."

"முதல்லதானே நிக்குது?"

அரசியின் குரல் பஞ்சாகிவிட்டது. "வந்து... இல்லீங்க சார். சின்னதா ஒரு மாற்றம். தப்பா எடுத்துக்காதீங்க சார். இதோ, இப்பவே முன்னால வச்சிடறேன் சார்..."

ரெஜினா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"மாசிலாமணி அண்ணன்கிட்ட இப்படித்தான் பேசினியா?"

மாசிலாமணி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரசி கண்ணை மூடித் திறந்தாள்.

"சார், இருங்க. முன்னால வைக்க மாட்டேன்."

"என்னது?"

"உங்க சார் கடிதம் கடைசியிலதான் போகும். ஏன்னு அவர் கேட்டா இங்கே வரச் சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்," என்றபடியே, சர்வர் டயல் செய்ய மறுகையால் என்டரைத் தட்டினாள்.