வளையல் கூடாது

தூத்துக்குடியில் ஒரு பழைய டைப்ரைட்டிங் பள்ளியின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிலர் கூடி ஆட்டம் ஆடுவார்கள். சீட்டாட்டம் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற ஆட்டம். ஒருவர் மந்திரவாதி ஆவார், இன்னொருவர் படைத்தலைவி. வீசிய வாள் வெட்டியதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். நாற்பதைத் தொடாத வயது. அவருடைய முதல் சீடர் பொன்பெருமாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சொந்தமாக எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம். அதனால் சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார், குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

உறுப்பினர்கள் தாங்களே உருவாக்கும் ஆட்டங்களுக்கு வருஷம் ஒருமுறை விருது உண்டு. வென்ற ஆட்டத்தை அச்சடித்துப் புத்தகக் கண்காட்சியில் வைப்பார்கள். வென்றவர் அடுத்த வருஷம் போட்டியிட முடியாது. அதற்குப் பதிலாக, வந்த ஆட்டங்களைப் பார்த்து அந்த வருஷத்துப் பிரிவுகளையும் விதிகளையும் எழுதுவது அவர் பொறுப்பு. நடுவர் டீச்சர்தான். விதிகள் முடிவாகும்வரை அவர் எந்த ஆட்டத்தையும் பார்க்கமாட்டார். அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

போன வருஷம் வென்றவர் பொன்பெருமாள். அவருடைய ஆட்டத்தில் ஏழு ராஜ்யங்கள், மடித்து விரிக்கிற வரைபடம், அரக்கர்களுக்கு மட்டுமே தனி அத்தியாயம். தலையணை மாதிரி ஒரு புத்தகம்.

இந்த வருஷம் காயல்பட்டினத்து ஜைனப் ஓர் ஆட்டம் கொண்டுவந்திருந்தாள். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறவள், கூட்டத்துக்குப் புதிது. அவள் ஆட்டம் மொத்தமே நாலு பக்கம். டீச்சர் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து ஆடிப் பார்த்தார்கள். டீ ஆறிப்போனது. ஒருவர் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டார். பக்கத்து மேஜையில் ஏழு ராஜ்யங்களையும் விரித்து வைத்துக் காத்திருந்த பொன்பெருமாளிடம், "உங்களதை அடுத்த வாரம் ஆடுவோம் அண்ணாச்சி" என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஜைனப்பின் ஆட்டத்தையே மறுபடியும் கேட்டார்கள்.

பொன்பெருமாளுக்கு அது பொறுக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் சுவிட்ச் கேட்டால் பல்பை எடுத்துக் கொடுத்தார். நேற்று வந்தவள், நாலு பக்கம், அதற்கு இந்தக் கொண்டாட்டமா? டீச்சரும் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் முதல் சீடர் என்ற பேச்சு எதற்கு? நல்லவேளையாக விதி எழுதும் பேனா இன்னும் தன் கையில்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விதிகளோடு அவர் மாடி ஏறி வந்தபோது டீச்சர் மட்டும் இருந்தார். மேஜையில் பகடைகளும் வரைபடமும் பொன்பெருமாளின் தடித்த புத்தகமும் கிடந்தன.

"புறங்கையில என்ன அண்ணாச்சி, இப்படிக் கீறியிருக்கு?"

"கடையில வயர் இழுத்துட்டு, டீச்சர்."

"சரி, வாசிங்க."

"பிரிவுகள். சிறந்த போர், சிறந்த உலகம், சிறந்த வரைபடம், சிறந்த அரக்கர்."

"போன வருஷம் சிறந்த உறவுன்னு ஒண்ணு இருந்துச்சுல்லா?"

"எடுத்துட்டேன். தனியா ஒரு பிரிவு தேவைப்படல."

மேலே வாசிக்கச் சொல்லி டீச்சர் கையைக் காட்டினார்.

"இனி விதிகள். ஆட்டத்தில் பகடை கட்டாயம்."

டீச்சர் மேஜை மேலிருந்த பகடைகளை அள்ளி டிராயருக்குள் போட்டார். சுத்தம் செய்கிறார் என்று பொன்பெருமாள் நினைத்துக்கொண்டார்.

"கதையை நடத்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்."

டீச்சர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நடத்துபவரின் நாற்காலி காலியாக இருந்தது.

"ஐம்பது பக்கத்துக்குக் குறையக் கூடாது."

தடித்த புத்தகம் அலமாரிக்குப் போனது. அது போவதைப் பார்க்கப் பொன்பெருமாளுக்கு என்னவோ போல் இருந்தது.

"கதை பல ஊர்களில் நடக்க வேண்டும். ஒரே வீட்டுக்குள் நடந்து முடியக் கூடாது."

வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, டீச்சர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"ஆடுபவர் உடம்பில் அணியும் எந்தப் பொருளும் ஆட்டக் கருவி ஆகாது."

"எந்தப் பொருளும்னா? தொப்பியா, மோதிரமா?"

"எதுவுமே."

"அடுத்தது?"

"கண்ணாடிப் பொருள் கூடாது. ஆட்டத்தில் உடைந்து ஆளுக்குக் காயம் படலாம்."

டீச்சர் அவருடைய புறங்கையைப் பார்த்தார். பிறகு, மாதா கோயில் திருவிழாவில் வாங்கி மாட்டியிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையின் நடுவில் வைத்தார்.

"இதை எப்படி ஆடணும், அண்ணாச்சி?"

"எதை டீச்சர்?"

"நீங்க கட்டாயம்னதை எல்லாம் எடுத்துட்டு, கூடாதுன்னதை எல்லாம் ஒண்ணு ஒண்ணா வச்சுப் பாத்தேன். ஏதோ ஒரு ஆட்டம் மாதிரி தெரியுது. எப்படி ஆடுறதுன்னுதான் பிடிபடல."

தெரியாது என்று சொல்லத்தான் பொன்பெருமாள் வாயைத் திறந்தார்.

"கல்யாண வீடு டீச்சர். விடிஞ்சா முகூர்த்தம். ஆடுறவங்க எல்லாரும் அந்த வீட்டுப் பொம்பளையாளுங்க. ஆளுக்கு மூணு வளையல். மறைச்சு வச்சிருக்குற உண்மை ஒண்ணைச் சொன்னா ஒரு வளையலைக் கழட்டலாம். ஆனா மத்தவங்களுக்கு முன்னாலயே தெரிஞ்ச உண்மையா இருந்தா கழட்டக் கூடாது. கை முதல்ல யாருக்குக் காலியாகுதோ, அவங்கதான் போய் மணப்பெண்ணை எழுப்பணும்."

தாளைப் பார்க்காமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கே. ஆளுக்கு ஒரு வளையலோட ஆடிப் பாப்பமா?" டீச்சர் தனக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு அவரிடம் ஒன்றை நீட்டினார். "நான் மாமியார். நீங்க யாரு?"

"மூத்த மருமக." யோசிக்கவே இல்லை அவர்.

வளையல் லேசில் ஏறவில்லை. விரல்களைக் குவித்துத் தள்ளியபோது, பழைய கீறல்களின் மேலேயே உரசிக்கொண்டு மணிக்கட்டில் விழுந்தது. டீச்சர் அதையும் பார்த்தார்.

"மூத்தவளே, ஏன் முகம் வாடிக் கிடக்கு?" மாமியாரின் குரல் கனிவாக இருந்தது.

பொன்பெருமாள் கொஞ்ச நேரம் வளையலைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சின்னவ வந்திருக்கால்லா, அத்தை? நேத்து வந்தவ. நான் வருஷக் கணக்கா இந்த வீட்டுக்குப் பொங்கிப் போடுதேன். அவ ஒரு குழம்பு வச்சா, எல்லாரும் அவ சட்டியையே சுத்திச் சுத்தி வாராங்க. என் சட்டி மூடி போட்டபடியே இருக்கு."

"அதுக்கு என்ன செஞ்சே?"

"பந்திக்குப் போறதுக்கு முன்னால அவ குழம்புல உப்பை அள்ளிக் கொட்டிட்டேன்." அவர் கண் கலங்கிவிட்டது. வளையலைக் கழற்றக் கை வைத்தார்.

"கழட்டாதே."

"உண்மையைத்தானே சொன்னேன் அத்தை?"

"உப்பு அள்ளுனதை நான் இப்பத்தான் கண்ணால பாத்தேன். தெரிஞ்ச உண்மைக்குக் கழட்டக் கூடாதுல்லா?"

பொன்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி பேசியபோது குரல் மூத்த மருமகளுடையதாகவும் இல்லை, கடைக்காரருடையதாகவும் இல்லை.

"உப்புப் போடுறதுக்கு முன்னால ருசி பாத்தேன். சும்மா ஒரு வாய்னுதான் பாத்தேன். அப்புறம் விட முடியல. யாருக்கும் தெரியாம, ஒத்தையில, கதவைச் சாத்திக்கிட்டுச் சட்டியோட வழிச்சுத் தின்னேன். ஒரு நாள் இல்ல, தினமும். என் வாழ்நாள்ல இப்படி ஒரு குழம்பு எனக்கு வைக்க வரல."

"இப்பக் கழட்டு" என்றார் மாமியார்.

அவர் கழற்றினார். வலித்தது. புதிதாக ஒரு கீறல் விழுந்தது. வளையலை மேஜையின் நடுவில் மெதுவாக வைத்துவிட்டு, விதிகள் எழுதிய தாளை எடுத்தார்.

"வேற விதி எழுதிட்டு வாரேன், டீச்சர். இதைக் கிழிச்சுப் போட்டுருதேன்."

"கிழிக்காதீங்க அண்ணாச்சி. அந்த ஆட்டத்தை எழுதினவங்க யாரோ, அவங்க கையில கொண்டுபோய்க் குடுங்க. இவ்வளவு கவனமா வேற யாரு அதைப் படிச்சிருக்கப் போறா?"